கொக்கின் காலும் பூனையின் மூக்கும்

மொழிபெயர்க்கிறவர்களை மடக்கிப் போடுவதற்கென்றே சில சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தின் 'பெடிக்ரி' அவற்றில் ஒன்று. 'வம்சாவளி' என்றால் அரச பரம்பரை நினைவுக்கு வருகிறது. 'குலமுறை' என்றால் கம்பனின் விசுவாமித்திரர் ஜனகனின் முன்னால் வந்து நின்றுவிடுகிறார். 'கொடிவழி' அழகான சொல். ஆனால் இன்று அதற்கே அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கும். தெருவில் வழங்குவதோ வேறு: 'ஜாதி நாய்', 'ஜாதிப் பூனை'. ஒரு பூனையைப் பற்றிப் பேசுவதற்குக்கூட நமக்கு ஜாதி தேவைப்படுகிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பில் அப்படிப் பெருமை எதுவும் இல்லை. பழைய பிரெஞ்சு மொழியில் அதற்குக் 'கொக்கின் கால்' என்று பொருள். வம்ச விளக்கப் படங்களில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரிந்து செல்லும் கோடுகள் கொக்கின் விரல்களைப் போல இருந்ததால் வந்த பெயர். யாருக்கு யார் பிறந்தார்கள் என்று காட்டும் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோடு எதற்குப் பயன்பட வேண்டும், எதற்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை யோசிக்க ஹைதராபாத் பொருத்தமான ஊர்.

தெலுங்கில் 'பில்லி', உருதுவில் 'பில்லீ' என்று இரண்டு மொழிக்காரர்களும் ஏறக்குறைய ஒரே சொல்லால் பூனையை அழைக்கும் நகரம் இது. கடந்த சில ஆண்டுகளாக இங்கே பூனைக் கண்காட்சிகள் நடக்கின்றன. ஹைடெக்ஸ் வளாகத்தில் நடக்கும் செல்லப்பிராணிக் கண்காட்சியில் பூனைகளுக்கென்றே போட்டியும் உண்டு. கூட்டம் அதிகமாக மொய்க்கும் கூண்டுகளில் ஒன்று ஹிமாலயன் பூனையுடையது. பாலாடை நிறத்தில் அடர்ந்த நீள மயிர். முகம், காது, பாதம், வால் மட்டும் கரிபூசியதுபோல் கறுப்பு. நடுவில் ஆழ்ந்த நீலக் கண்கள். ஹாலிவுட் படங்கள் பார்க்கிறவர்களுக்கு 2000ல் வந்த 'மீட் த பேரன்ட்ஸ்' படத்தில் ராபர்ட் டி நீரோ உயிராய் வளர்க்கும் ஜின்ஸ் நினைவிருக்கலாம். அது இந்த இனம்தான்.

பெயரைக் கேட்டு இமயமலையிலிருந்து இறங்கி வந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தப் பூனைக்கும் இமயமலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 'ஹிமாலயன்' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு முயல் இருந்தது. வெள்ளை உடல், கறுத்த மூக்கு, காது, பாதம். பூனையின் நிற அமைப்பு அந்த முயலைப் போலிருந்ததால் பெயரும் அதனுடையதாயிற்று. முயலாவது இமயத்தைப் பார்த்ததா என்றால், அதுவும் சந்தேகம்தான். 1868ல் வெளிவந்த தன் நூலில் சார்லஸ் டார்வின் இந்த முயலைப் பற்றிப் பேசுகிறார். இங்கிலாந்தில் வெள்ளிச் சாம்பல் நிற முயல்களின் கலப்பிலேயே இவை பிறந்ததை அவர் விளக்குகிறார்.

ஹிமாலயன் பூனை இரண்டு இனங்களின் கலப்பு. ஒரு பாதி பாரசீகப் பூனை, மறு பாதி சயாமியப் பூனை. பாரசீகம் என்றதும் ஹைதராபாத்காரர்களுக்கு ஒரு சொந்தம் தோன்றும். குதுப் ஷாஹிகள் காலத்திலிருந்து அரசவை மொழியும் கவிதையும் கட்டடக் கலையும் பாரசீகத்திலிருந்து வந்து தங்கிய ஊர் அல்லவா? ஆனால் பூனை அந்த வழியாக வரவில்லை. இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே (1623-24ல் கோவா, இக்கேரி, கள்ளிக்கோட்டை என்று நம் பக்கமும் சுற்றியவர்) பாரசீகத்தின் கொராசான் பகுதியிலிருந்த நீளமயிர்ப் பூனைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவுக்கு நீளமயிர்ப் பூனையின் கதை அங்கே தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். 2008ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று வேறு விதமாகச் சொல்லிற்று: இன்றைய 'பாரசீக'ப் பூனையின் மரபணு மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் ஒத்துப்போகிறது. ஆக, ஹிமாலயனும் இமயத்தைச் சேர்ந்ததல்ல, அதன் பாரசீகப் பாதியும் பாரசீகத்தைச் சேர்ந்ததல்ல. சயாமியப் பாதி மட்டும் பெயருக்கு நேர்மையாகத் தாய்லாந்தைக் காட்டுகிறது.

இந்தக் கலப்பு திட்டமிட்டு நடந்தது. 1930களில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைட் கீலரும், பூனை வளர்ப்பாளர் வர்ஜினியா காப் என்பவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். புது இனம் ஒன்றை உண்டாக்குவதைவிட, பண்புகள் தலைமுறை தாண்டுவது எப்படி என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. சயாமியப் பூனையையும் பாரசீகப் பூனையையும் இணைத்தார்கள். பிறந்த குட்டிகளைப் பார்த்தால் நீள மயிரும் இல்லை, சயாமிய நிறமும் இல்லை. எல்லாம் சாதாரணக் குட்டைமயிர்க் குட்டிகள். நம் தெருவில் ஓடுகிற பூனைகளைப் போல.

மெண்டலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. நீள மயிர் ஒடுங்கு பண்பு. முகமும் வாலும் மட்டும் கறுப்பதும் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். முதல் தலைமுறையில் இரண்டும் ஒளிந்துகொள்கின்றன. அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் பதினாறில் ஒன்றுக்கு இரண்டும் ஒருசேர வெளிப்படும். பூனை ஒரு ஈற்றில் நான்கு குட்டி போடும் என்று வைத்துக்கொண்டால் எத்தனை ஈற்று காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அப்படிக் காத்திருந்து, 1930களின் நடுவில் பிறந்த பெண் குட்டிக்கு டெபூடான்ட் என்று பெயர் வைத்தார்கள். அறிமுக விழாவில் முதல்முதலாகச் சபைக்கு வரும் இளம்பெண் என்று அர்த்தம்.

பிறகு மற்றவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் பிரையன் ஸ்டெர்லிங்-வெப் தனியாக முயன்றார். 1955ல் அங்கே 'கலர்பாயின்ட்' என்ற பெயரில் அங்கீகாரம் கிடைத்தது. 1957ல் அமெரிக்காவின் பூனை வளர்ப்போர் சங்கமான சி.எஃப்.ஏ. 'ஹிமாலயன்' என்று தனி இனமாக ஏற்றது. 1984ல் அதே சங்கம் மனம் மாறி, இது தனி இனம் அல்ல, பாரசீகப் பூனையின் ஒரு நிறப் பிரிவுதான் என்று தீர்மானித்தது. வேறு சில சங்கங்கள் இன்னும் தனி இனமாகவே வைத்திருக்கின்றன. எது ஜாதி, எது உட்பிரிவு என்ற சண்டை மனிதர்களோடு நிற்பதில்லை.

சங்கங்களின் தீர்மானங்களைவிட ருசியான விஷயம் இந்தப் பூனையின் தோலில் இருக்கிறது. இது ஒரு நடமாடும் தெர்மாமீட்டர். மயிருக்குக் கறுப்பு நிறம் தருவதற்கு உடலில் ஒரு நொதி வேலை செய்ய வேண்டும். இந்தப் பூனையிடம் அந்த நொதி சற்றுப் பழுதானது: சூட்டில் வேலை செய்யாது, குளிர்ச்சியில் செய்யும். உடலின் நடுப்பகுதி சூடாக இருப்பதால் அங்கே மயிர் வெளுத்திருக்கிறது. ரத்தச் சூடு குறைவாக எட்டும் காது, மூக்கு, பாதம், வால் நுனி இவையெல்லாம் கறுக்கின்றன. தாயின் கருப்பைக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சூடு என்பதால் குட்டிகள் வெள்ளை வெளேரென்று பிறக்கின்றன. சில நாட்கள் கழித்துத்தான் காது ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கும். 1930ல் இல்யின் என்ற ஆராய்ச்சியாளர்கள் சயாமியப் பூனைகளின் மேல் மயிரைச் சிரைத்து, அந்த இடத்தைக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். புதிதாக முளைத்த மயிர் கறுப்பாக வந்தது. காரணமான மரபணு மாற்றம் பூனையில் 2005ல் கண்டறியப்பட்டது.

இதை ஹைதராபாத்தில் வைத்துப் பாருங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். நீள மயிர்ப் பூனை தவிக்கிறதே என்று இரக்கப்பட்டு முதுகைச் சிரைத்துவிட்டால் அந்த இடம் குளிர்ந்து, வளரும் மயிர் திட்டுத் திட்டாகக் கறுக்கலாம். அந்தப் பருவத்துக் கண்காட்சிக் கனவு முடிந்தது. சிரைக்காமல் இரவும் பகலும் ஏ.சி. போட்டால் பூனைக்குச் சௌகரியம், ஆனால் குளிரில் உடல் மயிரின் வெளுப்பு மங்கும். கண்காட்சியிலோ வெளுப்புக்கும் கறுப்புக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு துலக்கமோ அவ்வளவு மதிப்பு. பூனையின் சுகமும் அதன் மதிப்பெண்ணும் ஒன்றுக்கொன்று இடிக்கிற முதல் இடம் இது. ஆனால் இது சின்ன இடம்தான். மயிர் மீண்டும் வெளுத்துவிடும்.

பெரிய இடி மூக்கில் இருக்கிறது. அதற்குக் கண்காட்சி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாய்க் கண்காட்சியில் நாயை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பூனை ஓடாது, ஓடினால் திரும்பி வராது. எனவே முதல் நாளே குளிப்பாட்டி, எண்ணெய்ப் பசை போக்கி, இழை இழையாகச் சீவி, நகம் வெட்டிக் கொண்டுவரும் பூனை கூண்டில் காத்திருக்கிறது. எண்ணை அழைத்ததும் நடுவரின் மேஜைக்குக் கொண்டுபோகிறார்கள். நடுவர் கையைக் கிருமிநாசினியால் துடைத்துக்கொண்டு, பூனையைத் தூக்கி, எலும்பைத் தடவி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கிறார். முன்னால் இருப்பது இந்தப் பூனை என்றாலும் அவர் ஒப்பிடுவது பக்கத்துக் கூண்டுப் பூனையோடு அல்ல, எழுதிவைத்த ஓர் இலட்சியப் பூனையோடு.

சி.எஃப்.ஏ. எழுதிவைத்திருக்கும் அந்த இலட்சியத்துக்கு 100 மதிப்பெண். தலைக்கு 30, உடலமைப்புக்கு 20, நிறத்துக்கு 20, மயிருக்கு 10, கண்ணின் நிறத்துக்கு 10, பொருத்தத்துக்கும் நளினத்துக்கும் ஐந்தைந்து. ஆக அதிக எடை தலைக்குத்தான். அந்தத் தலையில் மூக்கு குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். பூனை சிரமமில்லாமல் மூச்சு விடுகிறதா என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

கடைசி வாக்கியத்தின் விளைவுதான் இன்றைய பாரசீக, ஹிமாலயன் முகம். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் எடுத்த புகைப்படங்களில் பாரசீகப் பூனைக்கு எடுப்பான மூக்கு இருக்கிறது. மூக்கு குட்டையாக இருந்தால் பரிசு என்றதும், குட்டைமூக்குக் கடுவனுக்கும் குட்டைமூக்குப் பெட்டைக்கும் பிறந்ததில் இன்னும் குட்டையானதைத் தேர்ந்து, அதை இன்னும் குட்டையானதோடு இணைத்து, ஐம்பது அறுபது ஆண்டுகளில் மூக்கை இரண்டு கண்களுக்கும் நடுவே ஏற்றிவிட்டார்கள். அதில் சதி எதுவும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் இம்மிதான் குறைந்தது.

முகம் தட்டையானதும் உள்ளே இருப்பவற்றுக்கு இடம் போதவில்லை. கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாய் வளைந்து அடைபடுகிறது. கண்ணோரம் எப்போதும் ஈரம், கறை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்துவதில்லை. மூக்குத் துளை கோடுபோல் ஒடுங்கி, தூங்கும்போது குறட்டை வருகிறது. அதைச் செல்லம் என்று வீடியோ எடுக்கிறார்கள். குட்டியின் அகன்ற தலை பிரசவத்தைக் கடினமாக்குகிறது. மிகத் தட்டையான முகமுள்ள பாரசீகப் பூனைகளின் மண்டை ஓட்டை ஸ்கேன் செய்து 2017ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, மூளைக்குள் நீர் கோத்துக்கொள்ளும் கோளாற்றையும் கண்டது. பூனைக்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் சொல்லும்படி வியர்ப்பதில்லை. மயிரை நக்கிக் குளிர்வித்துக்கொள்ளும். மிஞ்சினால் வாயைத் திறந்து இளைக்கும். மூச்சுப் பாதையே குறுகிய பூனை, கோடைப் பகலில் மின்சாரம் போன ஒரு வீட்டில் என்ன செய்யும்?

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இன்னொன்று, சிறுநீரகத்தில். பாரசீக வழிப் பூனைகளில் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் முளைத்து, நடுவயதில் செயலிழக்கச் செய்யும் பரம்பரை நோய் உண்டு. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இது இருந்தது. இதன் கணக்கு நிறத்தின் கணக்குக்கு நேர்மாறானது. அழகு ஒடுங்கு பண்பு. இரண்டு பக்கமும் கூடி வர வேண்டும். நோய் ஓங்கு பண்பு. ஒரு பக்கம் இருந்தால் போதும், குட்டிகளில் பாதிக்கு வந்துவிடும். கொடுமை என்னவென்றால் பூனை மூன்று நான்கு வயது வரை, சில சமயம் ஏழு வயது வரை பளபளவென்று இருக்கும். அதற்குள் கோப்பைகளும் வாங்கியிருக்கும், குட்டிகளும் பெற்றிருக்கும். பல பரிசு வென்ற கடுவனிடம் இந்த நோய் இருந்தால் அதன் புகழே நோயைப் பரப்பும்.

2004ல் கலிபோர்னியாவில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் இதற்கான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு சாக்கு இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால் டி.என்.ஏ. சோதனை சொல்லிவிடும். சோதனையில் தேறிய பூனைகளை மட்டும் இணைத்தால் ஒரே தலைமுறையில் அந்தக் குடும்பத்திலிருந்து இந்த நோயைத் துடைத்துவிடலாம். மேல்நாடுகளில் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் இதைச் செய்யத் தொடங்கியபின் அங்கே நோய் குறைந்தும் வருகிறது.

இங்கேதான் கொக்கின் கால் வேலைக்கு வர வேண்டும். வம்சத் தாளில் நான்கு தலைமுறைப் பெயர்கள் இருக்கின்றன என்றால் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் எதனால் செத்தது, சோதனையில் என்ன வந்தது என்று கேட்க முடிய வேண்டும். கோடு போடுவதன் பயன் அதுதான். தாத்தாவின் பட்டங்களைப் படிப்பதற்கு அல்ல, தாத்தாவின் சிறுநீரகத்தைத் தெரிந்துகொள்வதற்கு.

நம் சந்தையில் நடப்பது வேறு. ஹைதராபாத்தானாலும் சென்னையானாலும் பூனையின் விலை முகத்தை வைத்துத்தான். மூக்கு கொஞ்சம் தெரிந்தால் 'டால் ஃபேஸ்'. உள்ளே போயிருந்தால் 'செமி பஞ்ச்'. குத்துவிட்டதுபோல் தட்டையாக இருந்தால் 'பஞ்ச் ஃபேஸ்'. குத்து பலமாகப் பலமாக விலை ஏறும். நீள மயிர் இருந்தாலே 'பெர்சியன்' என்கிறார்கள், முகம் கறுத்திருந்தால் 'ஹிமாலயன்' என்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்குத் தாளே கிடையாது. தாள் இருக்கிறவற்றிலும் வாங்குகிறவர் கேட்பது, "வெளிநாட்டு ரத்தமா?" என்பதுதான். நோய்க்குத் தேசபக்தி கிடையாது, வெளிநாட்டு ரத்தத்தோடு அதுவும் விமானத்தில் வரும் என்பது அப்போது தோன்றுவதில்லை.

சட்டமும் பூனையைக் கண்டுகொள்ளவில்லை. நாய்களைப் பெருக்கி விற்பதற்கு 2017ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. 18 மாதம் ஆகாத பெட்டை நாயை ஈனவிடக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. பூனைகளுக்கு அதுபோன்ற வளர்ப்பு விதி வரவில்லை. 2018ன் செல்லப்பிராணிக் கடை விதிகள் பூனையையும் சேர்த்துக்கொள்கின்றன என்றாலும், அவற்றின் கண் கடையின் மேல். எந்தப் பூனையை எதனோடு, எத்தனை முறை இணைக்கலாம் என்பதன் மேல் அல்ல. ஜெர்மனியில் குட்டிகளுக்கு வலியும் ஊனமும் வரும் என்று எதிர்பார்க்கக்கூடிய இனப்பெருக்கத்தை மிருகவதைச் சட்டமே தடுக்கிறது. பிரிட்டனின் பூனைச் சங்கம் இன்னும் எளிமையாக ஒரு கோடு கிழித்திருக்கிறது: மூக்கின் மேல் விளிம்பு கண்ணின் கீழ் இமைக்கு மேலே போனால் சான்றிதழ் கிடையாது. இரண்டு கண்ணும் ஓர் அளவுகோலும் போதும், யாரும் சரிபார்க்கலாம்.

வளர்க்கிறவர்கள் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. ஒழுங்காகச் செய்தால் இது லாபத் தொழிலே அல்ல. தாய்க்கும் தந்தைக்கும் டி.என்.ஏ. சோதனை; ரத்த வகைச் சோதனை (பி வகைத் தாய்க்கு ஏ வகைக் குட்டி பிறந்து, முதல் நாளில் தாய்ப்பால் குடித்தால் அந்தப் பாலே குட்டியைக் கொன்றுவிடும்); தடுப்பூசி; தினமும் சீவுவது; இரண்டு மாதக் கர்ப்பம்; குட்டிகள் மனிதர்களிடம் பழகும்வரை மூன்று மாதமாவது வீட்டில் வைத்திருப்பது. இத்தனையும் செய்கிற சிலர் இந்த நாட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய குட்டியும், சோதனையே செய்யாதவரின் குட்டியும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. முகம் தட்டையாக இருக்கும் குட்டி ஜெயிக்கிறது. வாங்குகிறவர் கேள்வியை மாற்றினாலொழிய விற்கிறவர் மாறப்போவதில்லை. பெற்றோரின் சிறுநீரகச் சோதனை முடிவைக் காட்டுங்கள், தாய்ப் பூனை தூங்கும்போது ஒருமுறை பார்க்கவிடுங்கள் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். குறட்டை விடும் தாயிடமிருந்து குட்டி வாங்காமல் திரும்பி வருவதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

இவ்வினத்தைக் காப்பாற்ற முடியாது என்றும் இல்லை. எந்தப் பொறுமையால் கீலரும் காப்பும் பதினாறில் ஒன்றைத் தேடிப் பிடித்தார்களோ, அதே பொறுமையால் மூக்கையும் கீழே இறக்கலாம். எடுப்பான மூக்குள்ள பூனைகள் இன்னும் இருக்கின்றன. சந்தை அவற்றை மட்டமாக மதிக்கிறது, அவ்வளவே.

கண்காட்சி முறையிலேயே இதற்கு ஒரு பாடமும் இருக்கிறது. பெரும்பாலான சங்கங்களில் 'வீட்டுப் பூனை' என்றொரு பிரிவு உண்டு. வம்சத் தாள் வேண்டாம். எந்தத் தெருவில் பிறந்ததானாலும் வரலாம். ஒப்பிடுவதற்கு இலட்சியப் பூனை எதுவும் எழுதிவைக்கப்படாததால் நடுவர் வேறு வழியில்லாமல் எதிரே இருக்கும் பூனையையே பார்க்கிறார்: கண் தெளிவாக இருக்கிறதா, உடம்பு தேறியிருக்கிறதா, தூக்கினால் சுமுகமாக இருக்கிறதா? தமிழ் ரசிகர்கள் மறக்காத அமலா 1992ல் தொடங்கிய ஹைதராபாத் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிலிருந்து தத்தெடுத்த பூனைக்கும் அந்த மேஜையில் இடம் உண்டு. ஜாதியில்லாத பூனையிடம் கேட்கும் அந்தக் கேள்விகளை ஜாதிப் பூனையிடமும் முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு மூக்கை அளந்தால் என்ன?